வார்த்த ஈயக்குண்டு குழலோடு ஒத்துப்போகாதபோது: .45-70 நகல் ரைஃபிளுக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஒற்றைத் தோட்டா ரைஃபிள் வாங்கிய புதிதில் பலரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். குண்டு வார்க்கும் அச்சின் பெட்டியில் 0.458 அங்குலம் என்று போட்டிருக்கும். ரைஃபிளின் கையேட்டிலும் 0.458 என்றே இருக்கும். பொருந்திவிட்டது என்று நம்பி ஈயத்தை உருக்க உட்கார்ந்துவிடுவோம். ஆனால் அவை வரைபடத்தின் எண்கள். உங்கள் கையில் இருக்கும் குழலின் எண் வேறாக இருக்கலாம். அச்சிலிருந்து விழும் குண்டின் எண் ஈயக் கலவையைப் பொறுத்து மாறும். அந்தக் குண்டைப் பித்தளைக் கூட்டுக்குள் அமர்த்திய பிறகு அதன் அளவு இன்னொரு முறை மாறியிருக்கலாம். கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று ஒட்டாததால் வருபவை.

இங்கே நான் பேசுவது .45-70 தோட்டாவைப் பற்றி. 1873இல் அமெரிக்க ராணுவம் ட்ராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளோடு ஏற்றுக்கொண்ட தோட்டா இது. 45 என்பது அங்குலத்தின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் குறுக்களவு, 70 என்பது பழைய வெடிமருந்தான கருமருந்தின் எடை கிரெய்ன் கணக்கில். அன்றைய குண்டு 405 கிரெய்ன், அதாவது 26 கிராமுக்குச் சற்று மேல். பிறகு 500 கிரெய்ன் குண்டும் வந்தது. இன்று இத்தாலியில் செய்யப்படும் ஷார்ப்ஸ் 1874, ரோலிங் பிளாக், 1885 ஹை வால் நகல்களிலும், மொன்டானா மாநிலத்தின் பிக் டிம்பர் என்ற சிற்றூரில் செய்யப்படும் ஷார்ப்ஸ் ரைஃபிள்களிலும் அதிகம் ஓடுவது இதே தோட்டாதான். வேறு தோட்டா வைத்திருப்பவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், வழி ஒன்றே.

சொற்கள் சிலவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழலின் உட்புறத்தில் சுழன்று ஓடும் வரிகளில் தாழ்ந்த பகுதி பள்ளம், உயர்ந்த பகுதி வரப்பு. வயலில் இருப்பதுபோலத்தான். வரப்புக்கு வரப்பு அளந்தால் .45-70 குழலில் சுமார் 0.450 அங்குலம் வரும், பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் 0.458. ஆயிரத்தில் ஒரு அங்குலத்தை இனி ‘தவ்’ என்று எழுதுகிறேன். ஒரு தவ் என்பது 0.025 மில்லிமீட்டர். தோட்டா அறை முடிந்து வரப்பு தொடங்கும் சரிவான இடம் தொண்டை.

வேலையில் இறங்கும் முன் பாதுகாப்பு. ஈயத்தைக் காற்றோட்டமான இடத்தில்தான் உருக்க வேண்டும். கண்ணாடியும் தோல் கையுறையும் கட்டாயம். உருகிய ஈயத்தில் ஈரமான துண்டு ஒன்று விழுந்தாலும் நீராவி வெடித்து ஈயம் முகத்தில் தெறிக்கும். வேலை முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது, குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது. கருமருந்துக்குப் பதிலாக இன்றைய புகையில்லா மருந்து போடுபவர்கள் அச்சிட்ட கையேட்டைத் தாண்டிப் போகவே கூடாது. .45-70க்குக் கையேடுகளில் மூன்று நிலை அழுத்தங்கள் தனித்தனியாக இருக்கும். அவற்றில் மிகத் தாழ்ந்ததான ட்ராப்டோர் நிலையைவிட மேலே உள்ள அட்டவணையை, உங்கள் ரைஃபிளைச் செய்தவர் எழுத்தில் அனுமதித்திருந்தால் ஒழியத் தொடாதீர்கள். குண்டின் குறுக்களவைக் கூட்டினால் மருந்தைக் குறைத்து அடியிலிருந்து மறுபடி ஏறி வர வேண்டும். கருமருந்து என்றால் குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே வெற்றிடம் இருக்கவே கூடாது. இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவைப் போலச் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப அனுமதி உள்ள இடங்களுக்கு.

முதலில் குழலை அளந்துகொள்ளுங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்த அளவுகள் இல்லாமல் மேலே படிப்பதில் பயனில்லை. ஒரு மாலைப்பொழுது போதும்.

கலப்பில்லாத மென்மையான ஈய உருண்டை ஒன்று வேண்டும். பழைய ரிவால்வர்களுக்கு விற்கும் 0.457 அங்குல உருண்டையை இரும்புப் பாளத்தில் வைத்து லேசாகத் தட்டினால் பக்கவாட்டில் பிதுங்கி 0.470 அளவுக்கு வந்துவிடும். ரைஃபிளில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, குழலுக்குள் எண்ணெய்த் துணியை ஒருமுறை ஓட்டி, உருண்டையைக் குழல் வாயில் வைத்து மரச்சுத்தியால் உள்ளே இறக்குங்கள். அப்புறம் பித்தளைக் கம்பியால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கம்பி குழல் வாயை உரசாமல் இருக்க நடுநடுவே நாடா சுற்றிக்கொள்ளுங்கள். மெல்லிய மரக்குச்சியால் தள்ளாதீர்கள். குச்சி சாய்வாகப் பிளந்து உருண்டைக்குப் பக்கத்தில் ஆப்பாக இறங்கினால் அதை வெளியே எடுப்பது பெரும்பாடு.

தள்ளும்போது கை சொல்வதைக் கவனியுங்கள். ஒரே சீராகப் போகிறதா, எங்காவது இறுகுகிறதா, எங்காவது சட்டென்று வழுக்குகிறதா? பின் பார்வைக் குறியைப் பொருத்தக் குழலின் மேல் வெட்டிய காடிக்கு நேர் கீழே உட்புற அளவு லேசாக மாறியிருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட குழல்களில் உணர்ந்திருக்கிறேன். கம்பியில் அந்த இடத்தைக் குறித்துவையுங்கள்.

ஈயத்துக்கு மீளும் தன்மை இல்லை என்றே சொல்லலாம். ஆகவே வெளியே வரும் உருண்டை, குழலில் எது மிக இறுக்கமான இடமோ அதன் அளவைத்தான் காட்டும். குழல் வாய் இறுகி, தோட்டா அறைப் பக்கம் விரிந்திருந்தால் ஒரு உருண்டையால் அது தெரியாது. அதனால் இரண்டாவது உருண்டை ஒன்றைத் தோட்டா அறைப் பக்கமிருந்து நாலைந்து அங்குலம் உள்ளே தள்ளி, அதே வழியில் திருப்பித் தள்ளி எடுத்து அளந்து பாருங்கள். இந்த இரண்டாவது அளவுதான் குண்டைத் தீர்மானிக்கும். மருந்து பற்றும் கணத்தில் குண்டு அடைக்க வேண்டிய இடம் அதுதான்.

அளக்க மைக்ரோமீட்டர் வேண்டும், பத்தாயிரத்தில் ஒரு பங்கு காட்டுவதாக இருந்தால் நல்லது. வெர்னியர் காலிப்பரை நம்பி ஏமாறாதீர்கள், இங்கே ஒரு தவ் வித்தியாசம்கூடப் பெரியது. உருண்டையில் மேடாக நிற்பவை குழலின் பள்ளங்கள். ஆறு அல்லது எட்டுப் பள்ளம் என்றால் எதிரெதிர் மேடுகளை நேராக அளக்கலாம். அசல் ட்ராப்டோரைப் போல மூன்று பள்ளம் என்றால் மேட்டுக்கு எதிரே தாழ்வுதான் இருக்கும், சாதாரண மைக்ரோமீட்டர் குறைவாகக் காட்டும். அதற்கு ‘வி’ வடிவத் தாங்கி கொண்ட மைக்ரோமீட்டர் உண்டு. அது இல்லாவிட்டால், கனம் தெரிந்த மெல்லிய பித்தளைத் தகட்டை உருண்டையைச் சுற்றி ஒரே சுற்று இறுக்கி அளந்து, தகட்டின் கனத்தை இரண்டு முறை கழியுங்கள்.

தொண்டைக்கும் தோட்டா அறைக்கும் செரோசேஃப் என்ற உலோகத்தை ஊற்றி அச்செடுக்கலாம். கொதிநீரின் வெப்பத்திலேயே உருகிவிடும் கலவை அது. முதல் அரை மணி நேரம் சுருங்கும், அப்புறம் மெல்ல விரிந்து ஒரு மணி நேர முடிவில் அறையின் உண்மை அளவுக்கு வரும். அதனால் சுருங்கியிருக்கும்போதே வெளியே எடுத்துவிட்டு, ஊற்றியதிலிருந்து சரியாக ஒரு மணி நேரம் கழித்து அளக்க வேண்டும்.

அந்த உலோகம் கைவசம் இல்லையா? உங்கள் ரைஃபிளிலேயே சுட்ட, மறுபடி ஒடுக்காத பித்தளைக் கூடு ஒன்றை எடுங்கள். வார்த்த குண்டின் அடியை அதன் வாயில் வைத்தால் விரல் அழுத்தத்தில் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் அந்தக் குண்டு உங்கள் அறைக்கு அதிகத் தடிமன். சுடும்போது கூட்டின் வாய் விரிந்து குண்டை விட இடமே இருக்காது, அழுத்தம் ஏறிவிடும். செலவில்லாத இந்தச் சோதனையை நான் ஒவ்வொரு புது அச்சுக்கும் செய்கிறேன்.

சரி, பொது விதி இது. கருமருந்தும் மென்மையான ஈயமும் என்றால் குண்டு பள்ளத்தின் அளவுக்குச் சமமாகவோ ஒரு தவ் கூடவோ இருக்கட்டும். புகையில்லா மருந்து என்றால் ஒன்று முதல் இரண்டு தவ் கூட. உங்கள் குழல் 0.458 என்று அளந்தால் குண்டு 0.459, தொண்டை இடம் கொடுத்தால் 0.460.

தாளில் துளை வட்டமாக இல்லாமல் நீளமாக விழுகிறது

குண்டு புரண்டு போகிறது என்று அர்த்தம். சாவித்துளை என்று இதைச் சொல்வார்கள். எல்லோரும் உடனே குழலின் வரிகள் குண்டுக்குத் தரும் சுழற்சியைச் சந்தேகிப்பார்கள். அதைக் கணக்குப் போட்டே தீர்த்துவிடலாம். 1879இல் ஆங்கிலக் கணித அறிஞர் கிரீன்ஹில் கொடுத்த சூத்திரம் ஈயக்குண்டுக்கு இன்றும் உதவுகிறது. குறுக்களவின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி, ஒரு முழுச் சுற்றுக்குக் குழல் எடுத்துக்கொள்ளும் நீளத்தால் வகுத்தால், அந்தக் குழல் தாங்கும் குண்டின் நீளம் கிடைக்கும். ட்ராப்டோரில் ஒரு சுற்றுக்கு 22 அங்குலம், கணக்கில் வருவது 1.43 அங்குலம். 18 அங்குலச் சுற்றுள்ள குழலில் 1.75 அங்குலம். 500 கிரெய்ன் குண்டு பெரும்பாலும் 1.3 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். ஆகவே .45-70இல் குண்டு புரண்டால் குற்றம் பெரும்பாலும் சுழற்சியின் மேல் இல்லை, குண்டு ஒல்லியாக இருப்பதன் மேல்தான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கருமருந்து ஒரே அடியாக அடிக்கும். மென்மையான ஈயக்குண்டின் அடிப்பகுதி அந்த அடியில் நசுங்கிப் பருத்துப் பள்ளத்தை நிரப்பிவிடும். ஒன்றிரண்டு தவ் ஒல்லியான குண்டுகூட அதனால் பிழைத்துக்கொள்ளும். அதே குண்டைப் புகையில்லா மருந்தோடு போட்டால் தள்ளு மெதுவாக ஏறுகிறது, குண்டு பருப்பதில்லை, வரிகளைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. ‘கருமருந்தில் நன்றாகத்தானே சுட்டது’ என்று குழம்புபவர்கள் பலர். அச்சை மாற்றும் முன் உருண்டை அளவையும் குண்டின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

கலவையின் கடினமும் இதில் சேர்ந்தது. பிரினெல் அளவில் கலப்பில்லாத காரீயம் சுமார் 5. இருபது பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் சுமார் 10. பழைய அச்சகங்களின் லினோடைப் உலோகம் சுமார் 22. கருமருந்துக்கு லினோடைப் குண்டு வார்த்துவிட்டுப் பருக்கவில்லை என்று வருந்தக் கூடாது. இருபதுக்கு ஒன்று அல்லது முப்பதுக்கு ஒன்று என்ற வெள்ளீயக் கலவைதான் இந்த ரைஃபிள்களோடு பழகிய கலவை.

குழலுக்குள் ஈயம் ஒட்டுகிறது

எங்கே ஒட்டுகிறது என்பதுதான் கேள்வி. சுட்டு முடித்ததும் கருமருந்துக் கரியை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, விளக்கைக் குழலின் ஒரு முனையில் காட்டி மறுமுனையிலிருந்து பாருங்கள். வரப்பின் ஓரங்களில் சாம்பல் நிறப் பளபளப்பாகக் கோடு போல ஈயம் தெரியும்.

தோட்டா அறையை விட்டு முதல் சில அங்குலங்களில் ஒட்டினால் குண்டு ஒல்லி, அல்லது பருக்க முடியாத அளவுக்குக் கடினம். சூடான வாயு குண்டின் பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை அரித்து முன்னால் பூசுகிறது. குறுக்களவை ஒரு தவ் கூட்டிப் பாருங்கள், அல்லது கலவையை மென்மையாக்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும்.

குழல் வாய்ப் பக்கம் மட்டும் ஒட்டினால் அளவு சரி, மசகு போதவில்லை. குண்டின் காடிகளில் அடைத்த தேன்மெழுகும் கொழுப்பும் முப்பது அங்குலக் குழலைக் கடக்கும் முன் தீர்ந்துவிட்டது. சுட்டபின் குழல் வாயின் முகத்தில் நட்சத்திரம் போல மெழுகுக் கறை படிந்திருந்தால் மசகு கடைசி வரை வந்திருக்கிறது. கருமருந்தோடு பெட்ரோலிய மசகைப் போடாதீர்கள், தார் போலக் கெட்டியாகிவிடும்.

அறை முடியும் இடத்தில், வரப்புகள் தொடங்குவதற்கு முன்பே, மோதிரம் போல ஒரு வளையமாக ஈயம் படிகிறதா? இது தனிச் சிக்கல். .45-70 கூட்டின் வரையறுத்த நீளம் 2.105 அங்குலம். கடையில் வாங்கும் கூடுகள் இதைவிடக் குட்டையாகவே வரும், ஒவ்வொரு முறை வெட்டிச் சீராக்கும்போதும் இன்னும் குறையும். உங்கள் அறையோ அதைவிட நீளமாகக் குடையப்பட்டிருக்கலாம். கூட்டின் வாய்க்கும் அறையின் முடிவுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் மென்மையான குண்டு பருத்து நிரம்பும், உடனே தொண்டையில் இறுகிச் சீவப்படும். சீவிய ஈயம்தான் அந்த மோதிரம். அது வளர்ந்தால் அடுத்த தோட்டா உள்ளே போகாது. அறையின் நீளத்தைச் செரோசேஃப் அச்சில் அளந்து, அதைவிடச் சுமார் 5 தவ் மட்டும் குறைவாக இருக்கும்படி கூடுகளைத் தேர்ந்தெடுங்கள். அறையைவிட நீளமான கூடு ஆபத்து, அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

ஒட்டிய ஈயத்தை எடுக்கப் பாத்திரம் தேய்க்கும் செம்பு நாரைப் பழைய தூரிகையில் சுற்றித் தேய்த்தால் போதும். முதலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது செம்புப் பூச்சுப் பூசிய இரும்பு, குழலைக் கீறும். வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து குழலில் ஊற்றும் வழி ஒன்று வாய்வழியாகப் பரவுகிறது. அதில் கரைந்து வருவது தோல் வழியே உடலில் ஏறக்கூடிய ஈய உப்பு. செய்யாதீர்கள்.

தோட்டா கடைசி இரண்டு மில்லிமீட்டர் போகமாட்டேன் என்கிறது

கட்டைவிரலால் அழுத்தித் திணிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். திணித்த தோட்டாவைச் சுடாமல் வெளியே இழுத்தால் குண்டு தொண்டையிலேயே தங்கும், மருந்து முழுவதும் இயந்திரத்துக்குள் கொட்டும்.

மருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத வெற்றுத் தோட்டா ஒன்றில் குண்டை அமர்த்தி, கறுப்பு மையால் குண்டு முழுவதும் பூசி, மெல்ல உள்ளே விட்டு எடுங்கள். மை எங்கே போயிருக்கிறது? மூக்குப் பகுதியில் நீளநீளமான கோடுகளாகப் போயிருந்தால் மூக்கு தடிமன். வரப்புகளின் மேல் சவாரி செய்ய வேண்டிய மூக்கு 0.450க்கு ஒரு தவ் குறைவாக இருக்க வேண்டும், உங்களுடையது 0.452 இருக்கும். மூக்கை மட்டும் அழுத்தி ஒடுக்கும் டை என்ற எஃகுக் கருவி கிடைக்கிறது. குண்டைச் சுற்றி மேடாக ஓடும் பட்டைகளில் முன் பட்டையின் விளிம்பில் மட்டும் வளையமாகப் போயிருந்தால் அந்தப் பட்டை தொண்டையின் சரிவில் முட்டுகிறது. அரை மில்லிமீட்டர் ஆழமாக அமர்த்தினால் தீரும். குண்டில் மை அப்படியே இருந்து, கூட்டின் கழுத்தில் தேய்ந்த தடம் தெரிந்தால், குண்டும் கூட்டுச் சுவரும் சேர்ந்து அறையை நிரப்பிவிட்டன. சுவர் மெல்லிய கூடு வாங்குங்கள், அல்லது குண்டை ஒரு தவ் குறையுங்கள்.

முதல் தோட்டா போகிறது, ஆறாவது போகமாட்டேன் என்றால் அளவில் குற்றமில்லை. தொண்டையில் கரி ஏறியிருக்கிறது.

எல்லா அளவும் சரி, ஆனாலும் குண்டுகள் சிதறுகின்றன

இதில் எனக்கு ஒரு குளிர்காலமே போயிற்று, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். என் குழல் 0.458. அச்சிலிருந்து 0.4595 விழுந்தது, 0.459 டையில் அழுத்தி எடுத்தேன். ஒவ்வொரு குண்டையும் எடை போட்டேன். 100 கஜத்தில் ஐந்து குண்டுகள் ஆறு அங்குலத்துக்குப் பரவின, அறைப் பக்கம் ஈயமும் ஒட்டியது. குண்டு ஒல்லி என்று அறிகுறி தெளிவாகச் சொல்கிறது, மைக்ரோமீட்டரோ இல்லை என்கிறது. மசகை மாற்றினேன், மருந்தை மாற்றினேன், பிரைமரை மாற்றினேன். ஒன்றும் அசையவில்லை.

கடைசியில் நிரப்பிய தோட்டா ஒன்றைச் சுத்தியல் போன்ற கருவியில் வைத்து அடித்து, குண்டை வெளியே எடுத்து அளந்தேன். மூக்குப் பக்கப் பட்டை 0.459. அடிப் பட்டை 0.4565. கூட்டுக்குள் போகும்போதே குண்டு இளைத்திருந்தது.

காரணம் கூட்டின் வாயை விரிக்கும் முளை. கடையில் ஒரு தொகுதியாகக் கிடைக்கும் டைகளில் அந்த முளை செம்பு உறை போட்ட 0.458 குண்டுக்காகச் செய்யப்பட்டது, ஆகவே 0.455 போல இருக்கும். உறை போட்ட குண்டு கடினமானது, தான் போகும் வழியில் பித்தளையை விரித்துக்கொண்டு போகும். இருபதுக்கு ஒன்று கலவையில் வார்த்த மென்மையான குண்டால் அது முடியாது. பித்தளைதான் குண்டை ஒடுக்குகிறது. 0.458 முளை ஒன்றைக் கடைசலில் போட்டு வாங்கினேன். வேறு எதையும் மாற்றவில்லை. அடுத்த வாரம் அதே ஐந்து குண்டுகள் இரண்டரை அங்குலத்துக்குள் விழுந்தன, குழலில் ஈயம் இல்லை.

ஆகவே எந்தக் கலவை, எந்த டை, எந்தக் கூடு என்று எதை மாற்றினாலும் ஒரு தோட்டாவைப் பிரித்து, வெளியே வந்த குண்டின் அடியை அளந்து பாருங்கள். ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் குண்டைக் கூடு இறுகக் கவ்வ வேண்டிய தேவையே இல்லை, குலுக்கினால் விழாமல் இருந்தால் போதும். வாயைக் கடைசியில் மடித்து இறுக்குவதும் அப்படித்தான். மணி போல விரிந்த வாயை நேராக்கும் அளவோடு நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் அழுத்தினால் முன் பட்டையில் வெட்டு விழும்.

முதல் நாலைந்து குண்டு நன்றாக விழுகிறது, அப்புறம் கலைகிறது

கருமருந்துக்கே உரிய பாடு. எரிந்த பின் மிஞ்சும் கரி குழலின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் காய்ந்து கெட்டியாகிறது, குண்டின் அளவு சரியாக இருந்தும் குழலின் அளவு ஒவ்வொரு குண்டுக்கும் மாறிக்கொண்டே போகிறது. பழைய கூட்டில் பிளாஸ்டிக் குழாய் பொருத்தி அறைக்குள் வைத்து, ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு நாலைந்து முறை நீளமாக மூச்சை ஊதுங்கள். மூச்சின் ஈரம் கரியை மென்மையாக்கும். மொன்டானா, கொலராடோ போன்ற வறண்ட ஊர்களில் கோடையில் பத்து முறை ஊதினாலும் போதாது. அங்கே ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே ஈரத் துணி ஒன்று, உலர்ந்த துணி ஒன்று ஓட்டுவதுதான் நம்பகமான வழி. உலர்ந்த துணியை விட்டுவிடாதீர்கள், அறையில் தங்கும் ஈரம் அடுத்த குண்டைத் தூக்கி அடிக்கும்.

அச்சு வேண்டிய அளவுக்கு வார்ப்பதில்லை

பெரிதாக விழுந்தால் கவலை இல்லை, டையில் அழுத்தி இரண்டு மூன்று தவ் வரை குறைத்துக்கொள்ளலாம். சிறிதாக விழுவதுதான் தலைவலி. முதலில் அச்சின் இரு பாதிகளும் சேரும் கோட்டிலும் அதற்குச் செங்குத்தாகவும் குண்டை அளந்து பாருங்கள். இரண்டு தவ்வுக்கு மேல் வித்தியாசம் என்றால் அச்சு முழுதாக மூடவில்லை, முகத்தில் ஈயத் துணுக்கு ஒட்டியிருக்கும். வட்டமாகவே சிறிதாக இருந்தால் கலவையைப் பாருங்கள். ஆறும்போது கலப்பில்லாத ஈயம் அதிகம் சுருங்கும், ஈயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமனி கலந்தது குறைவாகச் சுருங்கும். அதனால் கடினக் கலவைக்காக வெட்டிய அச்சில் இருபதுக்கு ஒன்று கலவையை ஊற்றினால் ஒரு தவ் வரை குறைந்து விழலாம். வெப்பம் தாங்கும் அலுமினிய ஒட்டுநாடாவின் சிறு துண்டுகளை அச்சின் முகத்தில், குழிக்கு எட்டாத ஓரங்களில் ஒட்டினால் பாதிகள் சற்று விலகி நின்று குண்டு ஒன்றிரண்டு தவ் பருத்து விழும். தற்காலிகம்தான், ஆனால் புது அச்சுக்குப் பணம் போடும் முன் எந்த அளவு வேண்டும் என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது.

அடி விளிம்பு கூர்மையாக இல்லாத குண்டை மறுபடி உருக்கும் பாத்திரத்திலேயே போடுங்கள். மூக்கில் சிறு சுருக்கம் இருந்தால்கூட மன்னிக்கலாம், அடியில் குறை இருந்தால் கூடாது.

காகிதம் சுற்றிய குண்டு சிதறுகிறது

மசகுக் காடிகளுக்குப் பதிலாகக் குண்டைக் காகிதத்தில் சுற்றும் முறை இது, இங்கே கணக்கு வேறு. கருமருந்துக்கு, சுற்றிய பிறகு வரும் அளவு பள்ளத்துக்கு அல்ல, வரப்புக்குச் சமமாக இருக்க வேண்டும். இரண்டு சுற்றுக் காகிதம் குறுக்களவில் நான்கு கனம் சேர்க்கும். 2 தவ் கனமுள்ள காகிதம் என்றால் 8 தவ். ஆக 0.450 குழலுக்கு 0.442 குண்டு. சுற்றிய குண்டு குழல் வாயில் விரல் அழுத்தத்தில் வழுக்கிப் போக வேண்டும்.

சுட்டதும் பத்துப் பதினைந்து அடி முன்னால் தரையில் தேடுங்கள். காகிதம் நறுக்கிய பொடியாக, வரப்பின் அகலத்துக்குக் கிழிந்து கிடந்தால் எல்லாம் சரி. முழு வளையமாகக் கிடந்தால் குண்டு பருத்து வரிகளைப் பிடிக்கவில்லை, கலவையை மென்மையாக்குங்கள் அல்லது ஒரு தவ் தடிமனான குண்டு வேண்டும். காகிதம் எங்குமே கிடைக்காமல் தாளில் துளைகள் சிதறியிருந்தால் அது குண்டோடு ஒட்டிக்கொண்டே போயிருக்கலாம். அடியில் திருகி மடித்த முனை தடிமனாக இருக்கிறதா பாருங்கள்.

குழலே குற்றவாளியாக இருந்தால்

அறைப் பக்கத்து உருண்டை 0.458, குழல் வாய்ப் பக்கத்திலிருந்து சில அங்குலம் தள்ளித் திருப்பி எடுத்த உருண்டை 0.460 என்று அளந்தால் குழல் முன்னோக்கி விரிகிறது. குண்டு கடைசி அங்குலங்களில் பிடிப்பில்லாமல் போகும். எந்த அச்சும் இதைச் சரிசெய்யாது. எதிர்ப்பக்கம், அதாவது வாய் ஒரு தவ் இறுகியிருந்தால் அது குறை அல்ல, நல்லதுதான். நடுவில் ஒரே ஒரு இறுக்கமான இடம் என்றால் ஈய உருளையில் தேய்ப்புப் பொடி பூசித் தேய்த்துச் சரிசெய்யத் தெரிந்த துப்பாக்கித் தச்சர்கள் இருக்கிறார்கள். நீங்களே இறங்க வேண்டாம், தேய்த்த உலோகம் திரும்பி வராது. அவரிடம் போகும்போது இரண்டு உருண்டைகளையும், கம்பியில் குறித்த தூரத்தையும், அறையின் அச்சையும் சேர்த்து எடுத்துப் போங்கள். வாயால் சொல்வதைவிட அவற்றைக் கையில் வாங்கி அளந்து பார்த்தால் அவர் வேலை பாதியாகக் குறையும்.